வலம் மட்டும் தெரிந்த பிள்ளை

சத்தியமூர்த்திக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. காரைக்குடியில் பழைய சாமான் கடை வைத்திருக்கிறவருக்கு நம்பிக்கை கட்டுப்படியாகாது. நேற்று அறுத்த மரத்தைத் தேயிலைத் தண்ணீரில் ஊறப்போட்டு, "எங்க பாட்டன் காலத்துக் கதவு" என்று தூக்கிக்கொண்டு வருகிறவர்களை வருஷக் கணக்காகப் பார்த்தவர் அவர்.

அப்படிப்பட்டவர் தன் மகள் மீனுவைப் பள்ளிக்கூடத்தை நம்பி விட்டிருந்தது ஆறாம் வகுப்பு வரைக்கும்தான். நீச்சல் குளமே இல்லாத அந்தப் பள்ளிக்கூடத்தில் நீச்சல் பயிற்சிக்கென்று கட்டணம் கேட்டார்கள். "எங்க நீந்துறதாம்? தண்ணித் தொட்டியிலயா?" என்று கேட்டுவிட்டு, மறுநாளே பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அன்றிலிருந்து பெண்டாட்டி நாகம்மைதான் வாத்தியார். காரைக்குடியை அடுத்த நேமத்தான்பட்டி வீட்டின் இரண்டாங்கட்டுதான் வகுப்பு.

ஊர் சிரித்தது. சிரிக்கட்டும். மீனு திறந்தநிலைப் பள்ளியில் எழுதிப் பன்னிரண்டாம் வகுப்பும் தேறிவிட்டாள். ஆசைப்பட்ட வேதியியல் பாடம் காரைக்குடிக் கல்லூரியிலேயே கிடைத்துவிட்டது. படித்து முடித்து அங்கே இருக்கும் ஆராய்ச்சி நிலையத்துக்குள் நுழைந்துவிட வேண்டும் என்பது அவள் கணக்கு.

கிடைத்த இடத்துக்குத் தினமும் போய்ச் சேருவது எப்படி என்பதில்தான் போன மாதம் வீடு இரண்டுபட்டது. டவுன் பஸ் நேரமும் கல்லூரி நேரமும் ஒத்துப்போகவில்லை. ஸ்கூட்டரில் போகிறேன் என்றாள் மீனு. சென்னையிலிருந்து வந்திருந்த சத்தியமூர்த்தியின் அக்காள் சிகப்பி ஆச்சி அதைக் கேட்டதும் கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்தாள்.

"வீட்டுக்குள்ளயே வளந்த புள்ள ரோட்டுல என்னத்த ஓட்டும்? லைசென்ஸ் எடுத்துட்டா இங்கயே படிக்கட்டும், நான் வாயத் தெறக்கல. எடுக்கலேன்னா என்கூட மெட்ராசுக்கு வரட்டும். காலேஜு, ஹாஸ்டலு எல்லாம் நான் பாத்துக்கிறேன். சரிதானா, தம்பி?"

வீம்பு யாரை விட்டது? "சரி ஆச்சி" என்று சொல்லிவிட்டார் சத்தியமூர்த்தி.

டெஸ்டைப் பார்க்கவென்றே நேற்று மறுபடி வந்திறங்கிய ஆச்சிக்கு ரயில் நாளை விடியற்காலை. மீனுவுக்கு டெஸ்ட் இன்று காலை.

---

டிரைவிங் ஸ்கூலில் சேர்த்துவிடலாமே என்று நாகம்மை போன மாதமே சொன்னாள்.

"ஸ்கூலுக்கே அனுப்பாதவன் டிரைவிங் ஸ்கூலுக்கு அனுப்புவேனா?" என்றார் சத்தியமூர்த்தி. ஸ்கூட்டர் லைசென்சுக்கு டிரைவிங் ஸ்கூல் கட்டாயமில்லை, பதினெட்டு முடிந்திருக்க வேண்டும், எல்.எல்.ஆர். வாங்கி ஒரு மாதம் கழிய வேண்டும், எட்டுப் போட வேண்டும், அவ்வளவுதான் என்று நாலு இடத்தில் விசாரித்தும் வைத்திருந்தார். முதல் மூன்று இடத்தில் சொன்னதை அவர் நம்பவில்லை.

ஆகவே பாடம் வீட்டுக்குள்ளேயே நடந்தது.

சிரிக்க வேண்டாம். அந்த வீட்டுக்கு முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். நடுவே திறந்த முற்றமாய் வளவு, நாலு பக்கமும் தூண்கள், சுற்றிவர வழுவழுவென்று ஆத்தங்குடிக் கல் பாவிய தாழ்வாரம். ஸ்கூட்டர் என்ன, மாட்டுவண்டியே சுற்றலாம். ரோடு என்றால் லாரி வரும், லாரி ஓட்டுகிறவனை நம்ப முடியாது. வளவுக்குள் என்ன வரப்போகிறது?

ஒரு மாதம் காலையும் மாலையும் மீனு வளவைச் சுற்றினாள். தூணோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "வலமா வா... மெதுவா... வலமா வா..." என்று சத்தியமூர்த்தி குரல் கொடுத்தபடி இருந்தார். பிள்ளை வண்டியில் வருகிறதா, தேரில் வருகிறதா என்று தெரியாத அளவுக்கு ஒரு நிதானம். கால் தரையில் படாது. கல்லில் கீறல் விழாது.

"இனிமே அந்த எட்டு என்ன, எட்டு? எம்பது கூடப் போடுவா எம்மக" என்று நாகம்மையிடம் சொன்னார்.

இன்று காலை நாகம்மை இருவருக்கும் திருநீறு பூசிவிட்டு, "நான் வரல. என்னால பாத்துக்கிட்டு நிக்க முடியாது. முடிஞ்சதும் போன் போடுங்க" என்று அடுப்படிக்குள் போய்விட்டாள். ஸ்கூட்டரை சத்தியமூர்த்தியே ஓட்டினார். டெஸ்டுக்கு முன்னால் வண்டிக்கோ பிள்ளைக்கோ எதுவும் ஆகிவிடக்கூடாது. பின்னாலேயே மருதுவின் ஆட்டோவில் சிகப்பி ஆச்சி, மடியில் காப்பி பிளாஸ்குடன்.

"வேடிக்கை பாக்க வாரீகளா, ஆச்சி?"

"இல்லடா, வெள்ளிக்கெழம ஒரு பொழுதுபோக்கு வேணாமா?"

---

டெஸ்ட் மைதானத்தில் கூட்டம். அதில் பாதி, வேல்பாண்டி டிரைவிங் ஸ்கூல் வேனில் வந்து இறங்கிய பிள்ளைகள். டவுனில் பெரிய தனியார் பள்ளியில் பன்னிரண்டு முடித்தவர்கள். பள்ளிக்கூடமே டிரைவிங் ஸ்கூலோடு பேசி, சாலை விதி வகுப்பு, வண்டி வகுப்பு என்று எல்லாம் நடத்திக் கூட்டமாக அனுப்பியிருந்தது. எல்லார் கையிலும் ஒரே மாதிரி நீல ஹெல்மெட்.

சத்தியமூர்த்தி அந்த நீல ஹெல்மெட்டுகளைச் சந்தேகமாகப் பார்த்தார். ஸ்கூல்காரன் வேல்பாண்டி, இன்ஸ்பெக்டர் பக்கத்தில் போய் நிற்கிறானா என்று அதையும் பார்த்துக்கொண்டார். அவன் பாவம், ஓரமாக நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான்.

நீல ஹெல்மெட் பெண் ஒருத்தியின் அம்மா மீனுவைப் பார்த்துச் சிரித்தாள். "எந்த ஸ்கூலும்மா நீ?"

"வீட்டுலதான் படிச்சேன், ஆன்ட்டி."

"அய்யோ, ஏன்? உடம்புக்கு ஏதாச்சுமா?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. எங்க அப்பச்சிக்கு ஸ்கூலப் பிடிக்காது" என்று அப்பாவைக் கைகாட்டினாள் மீனு.

அந்த அம்மாள் பக்கத்தில் நின்றவளிடம் என்னவோ சொன்னாள். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஆட்டோவில் உட்கார்ந்திருந்த சிகப்பி ஆச்சி அதைப் பார்த்தாள். காப்பியை ஊற்றப்போனவள் ஊற்றாமல் மூடியைத் திருகினாள்.

"மீனாட்சி!" என்று கூப்பிட்டார் இன்ஸ்பெக்டர். வெயில் கண்ணாடி போட்ட சின்ன வயசுப் பெண்மணி. காகிதங்களைப் பார்த்தார். "எந்த டிரைவிங் ஸ்கூல்?"

"வீடு, மேடம்."

"படிப்பு?"

"அதுவும் வீடு, மேடம்."

வரிசையில் குபீரென்று சிரிப்பு. இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "எங்க படிச்சா என்ன? எட்டு எல்லாருக்கும் ஒண்ணுதான். போய்ப் போடு."

தரையில் சுண்ணாம்புக் கோட்டில் பெரிய எட்டு. மீனு வண்டியை உருட்டிக் கொண்டுபோய் ஏறினாள். கிளப்பினாள். வலது வட்டத்துக்குள் நுழைந்தாள்.

என்ன நிதானம்! கோட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரே இடைவெளி, கயிறு பிடித்த மாதிரி. நீல ஹெல்மெட்டுகளே பேச்சை நிறுத்திவிட்டன. சத்தியமூர்த்தி நெஞ்சை நிமிர்த்தி அக்காளைத் திரும்பிப் பார்த்தார்.

வட்டம் முடிந்து நடுவுக்கு வந்தாள். அங்கிருந்து இடது வட்டத்துக்குள் போக வேண்டும்.

போகவில்லை. மறுபடியும் வலது வட்டத்திலேயே சுற்றினாள். அதே நிதானம். அதே அழகு. நடுவுக்கு வந்தாள். மறுபடியும் வலது.

"ஏம்மா!" என்று கத்தினார் இன்ஸ்பெக்டர். "எட்டுப் போடச் சொன்னா சைபர் போட்டுக்கிட்டு இருக்க? இடப்பக்கம் திரும்பு!"

மீனு பல்லைக் கடித்துக்கொண்டு கைப்பிடியை இடப்பக்கம் திருப்பினாள். உடம்பு வலப்பக்கம் போனது, வண்டி இடப்பக்கம் போனது, இரண்டும் ஒன்றையொன்று கேட்காமல் ஆடின. கால் தரையில் இறங்கிவிட்டது. செருப்பு தேய்ந்து புழுதி கிளம்பியது.

"இறங்கு" என்றார் இன்ஸ்பெக்டர். பக்கத்தில் வந்து, குரலைத் தணித்துச் சொன்னார்: "வலப்பக்கம் இப்படி ஓட்டுறவங்கள நான் பாத்ததே இல்ல. இடப்பக்கம் ஒண்ணுமே தெரியல. ரோடு பூராவும் வலப்பக்கமாவா திரும்பும்? இவங்க எல்லாரும் முடிக்கட்டும், கடைசியா இன்னொரு தடவ கூப்பிடுறேன். அப்பவும் கால் ஊணுனா ஒரு வாரம் கழிச்சுத்தான் வரணும்."

ஒரு வாரம் கழித்து மீனு சென்னை ஹாஸ்டலில் இருப்பாள். அது மீனு, சத்தியமூர்த்தி, ஆச்சி மூன்று பேருக்கும் தெரியும்.

---

சத்தியமூர்த்தி முதலில் செய்த காரியம், அந்தச் சுண்ணாம்பு எட்டை அளந்ததுதான். ஆள் இல்லாத நேரம் பார்த்து வலது வட்டத்தைக் காலடியால் அளந்தார், இடது வட்டத்தை அளந்தார்.

"என்னண்ணே பாக்குறீக?" என்றான் வேல்பாண்டி.

"இடப்பக்கம் சின்னதாப் போட்டிருக்காக."

"ரெண்டும் ஒரே அளவுதாண்ணே."

"நீ அப்படித்தான் சொல்லுவ."

சிகப்பி ஆச்சி ஆட்டோவை விட்டு இறங்கி வந்தாள். "தம்பி, ஒண்ணு கேக்குறேன், மறைக்காமச் சொல்லு. வளவுல எந்தப் பக்கமாச் சுத்தவிட்ட புள்ளைய?"

"எந்தப் பக்கமா? வலமாத்தான். சாமி ரூம் இருக்கிற வளவுல இடமாச் சுத்தவா சொல்லுவேன்? இடமாச் சுத்துறது எழவு வீட்டுலல்ல?"

"ஒரு மாசமும்?"

"ஒரு மாசமும்."

சொல்லும்போதே அவருக்கு உறைத்துவிட்டது.

ஆச்சி சிரித்தாள். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மருதுவின் ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அடப்பாவி! புள்ளைக்கு வண்டி ஓட்டவாடா சொல்லிக்கொடுத்த? பிரதட்சணம் பண்ணச் சொல்லிக்கொடுத்திருக்க!"

மீனு சிரிக்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே நின்றாள். "அத்தை, நான் மெட்ராசுக்கு வர்றேன். பேசுனபடி பேசுனதுதான்" என்றாள். குரல் ஹெல்மெட்டுக்குள்ளேயே உடைந்தது.

அதோடு ஆச்சி ஜெயித்துவிட்டாள். சும்மா இருந்திருந்தால் போதும். ஆனால் அந்த நீல ஹெல்மெட் அம்மாள் தன் போனைத் தூக்கி இந்தப் பக்கமாகவே படம் பிடித்துக்கொண்டிருந்தாள். தம்பியைப் பார்த்து, தான் எவ்வளவு வேண்டுமானாலும் சிரிக்கலாம். எவளோ ஒருத்தி சிரிக்கலாமா?

"இடப்பக்கம் திரும்பத் தெரியாத புள்ளைய மெட்ராசுல வச்சு நான் என்ன பண்றது? எங்க வீட்டுச் சந்துக்குள்ள வரவே ரெண்டு தடவ இடப்பக்கம் திரும்பணும். எடு வண்டிய, அங்குட்டுப் பொட்டலுக்கு. தம்பி, நீயும் வா."

மைதானத்துக்குப் பக்கத்தில் வெறும் பொட்டல். ஒரு மரம் இல்லை, கம்பம் இல்லை.

"நடுவுல போய் நில்லுடா."

"எதுக்கு?"

"உன்னச் சுத்தி ஓட்டப்போறோம். இடமா."

சத்தியமூர்த்திக்கு முகம் வெளுத்தது. "ஆச்சி, உசுரோட இருக்கிறவன இடமாச் சுத்துறதா? கொள்ளிக்குடம் எடுத்துச் சுத்துற மாதிரி? நாகம்மை கேட்டா என்ன நினைப்பா? மருதுவ நிக்கச் சொல்லுங்க."

"நான் மட்டும் சாகவா பொறந்தேன்?" என்றான் மருது ஆட்டோவுக்குள்ளிருந்து.

"வேல்பாண்டிய..."

"எனக்கு அங்குட்டு ஒரு புள்ள டெஸ்டு இருக்குண்ணே" என்று வேல்பாண்டி நழுவினான்.

சத்தியமூர்த்தி மகளைப் பார்த்தார். ஹெல்மெட் கண்ணாடிக்குப் பின்னால் கண் இரண்டும் சிவந்திருந்தன. இந்தப் பிள்ளையை வீட்டிலேயே வைத்துப் படிக்க வைத்தது அவர் பிடிவாதம். அவள் ஒரு நாள் கூட ஏன் என்று கேட்டதில்லை. வலமாக வா என்றால் வலமாக வந்தாள்.

பொட்டலின் நடுவில் போய் நின்றார். "சிவசிவா. சுத்துங்க."

முதலில் ஆச்சி ஓட்டிக் காட்டினாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தவள், தம்பியை இடமாக இரண்டு சுற்றுச் சுற்றிவந்து நிறுத்தினாள். வயசுக்கு அப்படி ஓர் ஓட்டம். "சக்கரத்தப் பாக்காத மீனு. தரையப் பாக்காத. அப்பச்சி மூஞ்சிய மட்டும் பாரு. நீ எங்குட்டுப் பாக்குறியோ வண்டி அங்குட்டு வரும்."

மீனு ஏறினாள். முதல் சுற்றில் கால் ஊன்றினாள். அடுத்ததிலும் ஊன்றினாள்.

"மூஞ்சியப் பாரு!" என்றாள் ஆச்சி. "டேய், நீ என்னத்துக்குக் கண்ண மூடிக்கிட்டு நிக்கிற? தொறடா. புள்ள பாக்கணும்ல?"

சத்தியமூர்த்தி கண்ணைத் திறந்தார். மகள் அவரைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவள் பின்பக்கம் போகும்போது முகம் மறைந்துவிடக் கூடாதே என்று அவரும் நின்ற இடத்திலேயே திரும்பினார். இடமாக. அவள் சுற்ற, அவரும் சுழன்றார். வேட்டி காலில் தடுக்கியது. ஒரு கையால் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஐம்பத்தைந்து வயசு மனிதர் பம்பரம் மாதிரி சுழல, மைதானத்து வேலியோரம் நீல ஹெல்மெட்டுகள் வரிசையாக வந்து நின்றுவிட்டன. ஒரு பிள்ளை கைதட்டியது. பிறகு எல்லாம் தட்டின.

"வருது அப்பச்சி! வருது!"

"பேசாத! மூஞ்சியப் பாரு! எனக்குத் தலை சுத்துது, அது கெடக்கு, நீ வா!"

---

கடைசியாக இன்ஸ்பெக்டர் கூப்பிட்டபோது சத்தியமூர்த்திக்கு இன்னும் தரை ஆடிக்கொண்டிருந்தது. வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

வலது வட்டம், பழைய அழகோடு. நடுவுக்கு வந்தாள். இண்டிகேட்டர் போட்டாள். இடது வட்டத்துக்குள் நுழைந்தாள். பாதியில் ஒரு ஆட்டம். இடது கால் படியை விட்டுக் கீழே இறங்கியது. இறங்கிய கால் அந்தரத்திலேயே நின்றது. பிறகு மேலே போனது. வட்டம் முடிந்தது. எட்டும் முடிந்தது.

இன்ஸ்பெக்டர் காகிதத்தைக் கையில் எடுத்தார்.

"கால் தொட்டுச்சுன்னு சொல்லப்போறாக" என்றார் சத்தியமூர்த்தி பல்லுக்குள். சண்டைக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். "தொடல. என் கண்ணால பாத்தேன். தொட்டுச்சுன்னு சொல்லட்டும், நான்..."

"தொடல" என்றார் இன்ஸ்பெக்டர். "நானும் பாத்தேன், சார். பாஸ். லைசென்ஸ் தபால்ல வரும், அது வரைக்கும் எல் போர்டைக் கழட்டாதீங்க."

சத்தியமூர்த்தி மடித்துக் கட்டிய வேட்டியை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். சண்டைக்குத் தயாரானவரிடம் நியாயமாக நடந்துகொண்டால் இப்படித்தான்.

சிகப்பி ஆச்சி மீனுவின் கன்னத்தைக் கிள்ளினாள். "நானே சொல்லிக்கொடுத்து நானே தோத்துட்டேன். இந்தக் கூத்த மெட்ராசுல யாருகிட்டயும் சொல்ல முடியாது." நீல ஹெல்மெட் அம்மாள் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னாள்: "படம் நல்லா விழுந்துச்சா? எங்களுக்கும் ஒண்ணு அனுப்பி வைங்க." பிறகு மருதுவின் ஆட்டோவில் ஏறி, நாகம்மைக்கு முதலில் சேதி சொல்வது தான்தான் என்று முந்திக்கொண்டு போய்விட்டாள்.

"நான் ஓட்டுறேன் அப்பச்சி" என்றாள் மீனு.

சத்தியமூர்த்தி யோசித்தார். பிறகு மகள் பின்னால் ஏறி உட்கார்ந்து, பின்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். லாரி வந்தது, போனது. பஸ் வந்தது, போனது. பிள்ளை ஒதுங்கினாள், வழி விட்டாள், போனாள். அவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடி தளர்ந்தது. தனக்கே சிரிப்பு வந்தது.

முச்சந்தியில் வண்டி நின்றது. வீட்டுக்கு வலப்பக்கம் திரும்ப வேண்டும். மீனு இடப்பக்கம் இண்டிகேட்டரைப் போட்டாள்.

"ஏய், அங்குட்டு எங்க? வீடு இங்குட்டுல்ல?"

"ரயிலடிக்கு. ஒருத்தரு வர்றாக. என் விஷயமா உங்கள நேர்ல பாத்துப் பேசணுமாம்."

"யாரு?"

மீனு இடப்பக்கம் திரும்பினாள். ஆட்டமே இல்லாமல், அவ்வளவு சுத்தமாக.

"யாருன்னு கேக்குறேன்ல? வண்டிய நிறுத்து!"

"நிறுத்த மாட்டேன் அப்பச்சி. பேரச் சொன்னா நீங்க எறங்கிருவீக."